கார்ப்பெட்டில் பபுள்கம் ஒட்டிக்கொண்டால்: எடுக்கும் முறை, முதலிலிருந்து கடைசி வரை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக் கடை. அப்பா காலத்தில் கல்யாண வீட்டுக்கு ஜமக்காளமும் பாயும்தான் போகும். இப்போது வாசல் கோலத்திலிருந்து மணமேடை வரைக்கும் சிவப்புக் கார்ப்பெட் விரித்தாக வேண்டும். இல்லையென்றால் பெண் வீட்டார் முகம் சுருங்கிவிடும். முகூர்த்தம் முடிந்து கார்ப்பெட்டைச் சுருட்டிக் கொண்டுவரும்போது அதில் எல்லாம் இருக்கும்: அட்சதை, சந்தனம், நசுங்கிய ரோஜா, பாயசம், சில சமயம் வெற்றிலைச் சாறு. இவை அத்தனையும் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசைந்து கொடுக்கும். அசையாத சாமான் ஒன்றே ஒன்று, பபுள்கம்.

அதை எடுத்து எடுத்துக் கை பழகிவிட்டதால், வீட்டில் கார்ப்பெட் போட்டவர்களும் கார் வைத்திருப்பவர்களும் போன் பண்ணிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வரிசையை மட்டும் மனதில் பதிய வையுங்கள். முதலில் குளிர், அப்புறம் எண்ணெய், அதற்குப் பிறகும் போகவில்லை என்றால்தான் சூடு. நான் கற்றுக்கொண்டது இதைத் தலைகீழாகச் செய்துதான். ஒரு தை மாதம், அடுத்தடுத்த நாளில் இரண்டு முகூர்த்தம், இரண்டுக்கும் ஒரே கார்ப்பெட். முதல் கல்யாணம் முடிந்ததும் பார்த்தால் மணமேடைக்கு நேர் எதிரே ரோஸ் நிறத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு பபுள்கம். சமையல் கொட்டகையில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை ஒரு செம்பு மொண்டு ஊற்றி, தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன். ஐந்து நிமிஷத்தில் அந்த ஒரு ரூபாய் ஒரு டிபன் தட்டு அகலத்துக்குப் பரவி, கார்ப்பெட்டின் ரோமத்தோடு ரோமமாக இழைந்துவிட்டது. கோபத்தில் மேலே மண்ணெண்ணெயை ஊற்றினேன். பபுள்கம் கொஞ்சம் கரைந்தது. கூடவே கார்ப்பெட்டின் அடிப்பக்கப் பசையும் கரைந்து துணி உப்பிக்கொண்டது. நாற்றம் மூன்று மாதம் போகவில்லை.

"அண்ணே, ஐஸ் வச்சிருக்கலாம்ல" என்றான் கடையில் வேலை பார்த்த தம்பி. அவன் வீட்டில் மீன் வியாபாரம்.

எதனால் இப்படி ஒட்டுகிறது

பபுள்கம் என்பது சர்க்கரையும் வாசனையும் சேர்த்த ரப்பர். மெல்ல மெல்லச் சர்க்கரை கரைந்து வயிற்றுக்குப் போய்விடுகிறது. துப்பும்போது மிஞ்சுவது ரப்பரும் பிசினும் மெழுகும் சேர்ந்த உருண்டை. எச்சிலில் அரை மணி நேரம் ஊறியும் கரையாத ஒன்று, நீங்கள் ஊற்றும் தண்ணீரிலா கரையப் போகிறது?

முன்பெல்லாம் இதற்கான ரப்பர் மரத்துப் பாலிலிருந்து வந்தது. மெக்ஸிகோ பக்கத்துக் காடுகளில் மரத்தைக் கீறி வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். அதற்குச் சிக்கிள் என்று பெயர். எந்த மரம் என்று நினைக்கிறீர்கள்? நம் கொல்லையில் நிற்கிற அதே சப்போட்டா மரம். சப்போட்டாக் காயைப் பறித்துவிட்டு விரலைப் பிரிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இது புரியும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தப் பால் போகாது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் உடனே விடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரும்பாலும் செயற்கை ரப்பருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் குணம் அதேதான்: தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு இளகும், சூட்டில் ஓடும், குளிரில் இறுகி உடையும்.

கடைசி இரண்டு குணமும்தான் நமக்கு முக்கியம். குளிர் நாட்டில் கார்ப்பெட் மேல் விழுந்த பபுள்கம் தானாகவே பாதி இறுகிக் கிடக்கும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் பந்தலுக்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விழுந்த பபுள்கம் மெத்தென்று இளகிக் கிடக்கும், அதன் மேல் நானூறு பேர் நடப்பார்கள். அதனால் பொதுவாகச் சொல்லப்படும் 'ஐந்து நிமிஷம் ஐஸ் வையுங்கள்' நமக்குப் போதாது.

பார்த்தவுடனே

மேலே யாரும் மிதிக்காமல் ஒரு நாற்காலியைப் போட்டு மறித்து விடுங்கள். கையால் பிய்க்க வேண்டாம். பிய்த்தால் மேல் பாதி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும், கீழ் பாதி இன்னும் ஆழமாக இறங்கும். ஈரத் துணியால் தேய்க்கக் கூடாது. வெந்நீர் கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. சட்டையில் ஒட்டினால் காகிதம் வைத்து இஸ்திரி போட்டு எடுப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கார்ப்பெட்டிலும் செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கல்யாணக் கார்ப்பெட்டில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன். சுமார் 160 டிகிரியில் அது உருகிவிடும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டி 200 டிகிரியைத் தொடும். பபுள்கம் வரும், அந்த இடத்தில் கார்ப்பெட் இருக்காது.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். பக்கத்திலேயே குத்துவிளக்கும் கற்பூரமும் எரிகிற இடம் அது, நினைவிருக்கட்டும்.

என்ன விரிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

எதைத் தடவலாம், எதைத் தடவக்கூடாது என்பது நூலைப் பொறுத்தது. தெரியவில்லை என்றால் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒரே ஒரு இழையைக் கத்தரித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி அல்லது சணல். முடி கருகுகிற நாற்றம் வந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு நுனியில் கெட்டி மணி போல உறைந்தால் செயற்கை இழை.

செயற்கை இழை எண்ணெய்க்கும் சோப்புக்கும் பயப்படாது, சூட்டுக்குத்தான் பயப்படும். கம்பளிக்கு வெந்நீரும் சோடாவும் ஆகாது. துணி துவைக்கும் பவுடரையும் அதில் போடாதீர்கள். சணல் ஈரமானால் பழுப்புக் கறை வாங்கும். ஜமக்காளத்தில் சாயம் கழன்றுவிடலாம் என்பதுதான் கவலை. அதற்குத் தனியாக வருகிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். மேல் ரோமம் வளைய வளையமாக இருக்கிறதா, நுனி வெட்டிய புல் மாதிரி நிற்கிறதா, இல்லை கல்யாணக் கார்ப்பெட் மாதிரி அழுத்திய பஞ்சாக இருக்கிறதா? வளையம் என்றால் எதையும் இழுக்கக் கூடாது. ஒரு வளையம் உருவினால் அந்த வரிசையே கூட வரும். அழுத்திய பஞ்சு என்றால் ஒரே திசையில்தான் சுரண்ட வேண்டும், முன்னும் பின்னும் போனால் பொசுபொசுவென்று பிரிந்துவிடும்.

ஐஸ் வைப்பது

சாமான்கள்: ஐஸ் கட்டி, இரண்டு பாலிதீன் கவர், கொஞ்சம் கல் உப்பு, மழுங்கிய ஸ்பூன், காலாவதியான ஏடிஎம் கார்டு, பழைய டூத் பிரஷ், வெள்ளைத் துணி. துணி வெள்ளையாகவே இருக்கட்டும். பழைய வேட்டியைக் கிழித்துக்கொள்ளுங்கள். கலர்த் துணி தன் சாயத்தைக் கார்ப்பெட்டுக்குக் கொடுத்துவிடும், கார்ப்பெட்டின் சாயம் கழன்றாலும் அதில் தெரியாது.

ஐஸைத் துணியில் சுற்றித் துண்டு துண்டாக உடைத்துக் கவருக்குள் போடுங்கள். மூன்று கை ஐஸுக்கு ஒரு கை கல் உப்பு. குலுக்கி, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போட்டு, இன்னொரு கவருக்குள் இறக்குங்கள். உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகம் குளிரும், பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி வரை போகும். குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் செய்து வைத்திருப்பதும் இதுதான். எங்கள் வீட்டில் இதற்கு வருவது வேதாரண்யத்து உப்பு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அள்ளிய அதே ஊர் உப்பைப் பபுள்கத்துக்குப் பயன்படுத்துகிறோமே என்று சில சமயம் தோன்றும்.

இரண்டு கவர் ஏன் என்றால், உப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் இறங்கினால் காய்ந்த பிறகு வெள்ளை பூத்து நிற்கும். அப்புறம் அது ஒரு தனி வேலை. கவரை வெறும் கையால் நெடுநேரம் பிடிக்காதீர்கள், விரல் மரத்து எரியும். மேலே ஒரு துணியைப் போட்டு, அதன் மேல் ஒரு சின்ன அம்மிக் குழவியையோ தண்ணீர்ச் செம்பையோ வைத்து விடுங்கள்.

வெயில் காலத்தில் இருபது நிமிஷம், மார்கழியில் பத்து நிமிஷம் போதும். அவசரப்பட்டு நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது.

எடுத்ததும் நகத்தால் தட்டிப் பாருங்கள். பல்லில் தட்டுகிற மாதிரி 'டக்' என்று கேட்டால் தயார். அமுங்கினால் இன்னும் ஐந்து நிமிஷம். தயாரான பபுள்கத்தின் மேல் லேசாக வெள்ளை படர்ந்திருக்கும், ஓரங்கள் விளிம்பு எழும்பி நிற்கும். அந்த விளிம்பில் ஸ்பூனைச் சாய்த்துக் கொடுத்து, வெளியிலிருந்து நடுவை நோக்கி நெம்புங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் சுத்தமாக இருக்கும் இடத்துக்கும் ஒட்டும். உடைந்து தெறிக்கும், அதுதான் வேண்டியது. பெரிய துண்டு முழுசாகக் கழன்று வந்தால் அன்றைக்கு நல்ல சகுனம்.

இங்கேதான் நம் ஊர் வெயில் விளையாடும். ஐஸை எடுத்த இரண்டு மூன்று நிமிஷத்தில் பபுள்கம் மறுபடி இளக ஆரம்பித்துவிடும். ஸ்பூனில் இழுவை தெரிந்த மறுகணம் கையை எடுத்துவிட்டு ஐஸை வையுங்கள். ஐந்து நிமிஷம் ஐஸ், ஒரு நிமிஷம் சுரண்டல் என்று நாலைந்து முறை மாற்றி மாற்றி. பாதியில் பொறுமை போய் இளகியதையே தேய்ப்பவர்கள்தான் எனக்குப் போன் பண்ணுகிறவர்களில் அதிகம்.

இன்னொரு சங்கதியை யாரும் சொல்வதில்லை. உடைந்து விழுந்த துணுக்குகளை அந்தந்தச் சுற்றிலேயே எடுத்துவிட வேண்டும். கடுகு கடுகாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அரை மணி கழித்து அவை ஒவ்வொன்றும் இளகித் தனித்தனியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பபுள்கம் இருந்த இடத்தில் இருபது ஆகிவிடும். விரலில் செல்லோ டேப்பைப் பிசின் வெளிப்பக்கம் வருமாறு சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. துடைப்பம் வேண்டாம், அது பரப்பும்.

கத்தி, பிளேடு எடுக்காதீர்கள். தோசைத் திருப்பியின் முனை கூராக இருந்தால் அதையும் எடுக்காதீர்கள். இறுகிய பபுள்கத்துக்கும் குளிர்ந்த இழைக்கும் பிளேடு வித்தியாசம் பார்க்காது.

பத்தில் ஆறு ஏழு பபுள்கம் இதோடு முடிந்துவிடும். முடிந்தால் ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

மிஞ்சிய பிசுக்கு

விரலால் தொட்டால் லேசாக ஒட்டும், பார்த்தால் அந்த இடம் மட்டும் மங்கலாக இருக்கும், ரோமம் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து நிற்கும். இதற்கு ஐஸ் போதாது. இங்கே எண்ணெய்.

என் கை முதலில் போவது யூகலிப்டஸ் தைலத்துக்குத்தான். சளிக்கு ஆவி பிடிக்க எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும். ரப்பரை நன்றாக இளக்கும், முக்கால்வாசி தானாகவே ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும். ஆனால் பின்னால் அந்த எண்ணெயை எடுக்க இரட்டிப்பு வேலை. நல்லெண்ணெய் நிறம் விடும். சங்கிலிக்கும் தாழ்ப்பாளுக்கும் அடிக்கிற துரு எண்ணெய் ஸ்ப்ரே பபுள்கத்தை நன்றாகவே கழற்றும், வெளிர் நிறக் கார்ப்பெட்டில் மஞ்சள் வட்டம் விடுகிற சாத்தியம் உண்டு. கையில் வேறு எதுவும் இல்லை என்றால் சானிட்டைசர். அது பபுள்கத்தைக் கரைக்காவிட்டாலும் பிசுபிசுப்பைக் குறைக்கும், வழித்து எடுக்க உதவும். பெயின்ட் கடை டர்பன்டைனைக் கம்பளியிலும் அடியில் ரப்பர் பூசிய கார்ப்பெட்டிலும் தொடவே தொடாதீர்கள்.

எதை எடுத்தாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு. பத்து நிமிஷம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தச் சரக்கை மூடி வைத்துவிடுங்கள்.

சரி, நிறம் ஏறவில்லை. தைலத்தைக் கார்ப்பெட்டில் நேராக ஊற்றக் கூடாது. துணியின் நுனியில் நாலைந்து சொட்டு விட்டு, அந்த நுனியால் பிசுக்கின் மேல் ஒற்றுங்கள். அடியில் இறங்கினால் பின்பக்கப் பசை கழன்றுவிடும், எனக்கு மண்ணெண்ணெயில் நடந்தது அதுதான். ஐந்து நிமிஷம் விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். பிறகு டூத் பிரஷ்ஷால் ரோமத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கிச் சீவுங்கள், பேன் சீப்பால் ஈர் எடுக்கிற மாதிரி. பிசுக்கு சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும். அதைத் துணியில் வழித்து, துணியை மடித்துச் சுத்தமான பக்கம் திருப்பி, மறுபடி. வழித்த பக்கத்தாலேயே திரும்பத் தொட்டால் எடுத்ததையே திருப்பி வைக்கிறீர்கள்.

சூடு, கடைசியாக

நாள்பட்டு, பலர் மிதித்து, உள்ளே போய்விட்ட பபுள்கத்துக்கு மட்டும் இது. தலைமுடி உலர்த்தும் டிரையரை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஒரு சாண் உயரத்தில் ஆட்டிக்கொண்டே பிடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பபுள்கம் பளபளப்பானதும் டிரையரை வைத்துவிட்டு, ஒரு பாலிதீன் கவரை விரலில் மாட்டிக்கொண்டு அதன் மேல் அழுத்தி, சட்டென்று நேர் மேலே தூக்குங்கள். பபுள்கம் கார்ப்பெட்டை விட்டுக் கவரில் ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம்தான் வரும், ஆனால் வரும். கவரின் புது இடத்தால் மறுபடி. இங்கேயும் தேய்ப்பது கிடையாது, ஒற்றித் தூக்குவதுதான். வளைய ரோமக் கார்ப்பெட்டில் இதைச் செய்யாதீர்கள்.

சூட்டுக்குப் பிறகு மிச்சமிருந்தால் திரும்ப ஐஸிலிருந்து ஆரம்பியுங்கள். அப்போது அது மெல்லிய படலமாக இருப்பதால் சீக்கிரம் உடையும்.

எண்ணெயைத் துரத்துவது

பபுள்கம் போய்விட்டது என்று எழுந்து போகிறவர்கள் ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் கறுப்பு வட்டத்தைப் பார்ப்பார்கள். அது பபுள்கம் இல்லை, நீங்கள் தடவிய எண்ணெய் பிடித்து வைத்த தூசி.

முதலில் உலர்ந்த பொருள். கடலை மாவு நம் கைக்குப் பழக்கம்தான், ஆனால் ரோமத்தில் தங்கினால் எறும்பு வரும், ஈரம் பட்டால் புளிக்கும். முகப்பவுடரோ ஆப்பச் சோடாவோ தூவி இருபது நிமிஷம் விட்டு உறிஞ்சி எடுங்கள் (கம்பளிக்குச் சோடா வேண்டாம், பவுடர் மட்டும்). பிறகு இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கம்பளிக்கு இதே கலவை ஆறிய தண்ணீரில். நுரையில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். சுற்றிலிருந்து நடுவுக்கு வாருங்கள், இல்லையென்றால் ஈர வட்டம் கறையாகத் தங்கும். அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று நான்கு முறை ஒற்றிச் சோப்பை எடுங்கள். சோப்பு தங்கினாலும் தூசி பிடிக்கும். சீயக்காய் எண்ணெயை நன்றாக எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் வெளிர் நிறத்தில் பழுப்பு ஏற்றிவிடும். அது தலைக்கே இருக்கட்டும்.

காய வைப்பதில் மாதம் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் ஃபேன் கீழே இரண்டு மணி நேரம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும், மறுநாளும் கார்ப்பெட் உள்ளே நனைந்தே இருக்கும், மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும். அந்த மாதங்களில் வேட்டித் துணியை நாலாக மடித்து ஈரத்தின் மேல் வைத்து, அதன் மேல் ஒரு தடிப் புத்தகம் அல்லது தண்ணீர்க் குடம். துணி ஈரமானதும் மாற்றுங்கள். கார்ப்பெட்டின் அடியிலும் காற்றுப் போகுமாறு ஓரத்தைத் தூக்கி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பபுள்கமே பரவாயில்லை என்று தோன்றும்.

ஜமக்காளம், பாய், கார், பட்டு

ஜமக்காளத்துக்கு ரோமம் இல்லை, அழுத்தமான நெசவு. ஐஸ் வைத்தால் மேலோடு மேலாக ஏடு மாதிரி உரிந்து வந்துவிடும். எங்களிடம் அப்பா காலத்துப் பவானி ஜமக்காளங்கள் இன்னும் ஏழெட்டு இருக்கின்றன. நம் காவிரியில் பவானி ஆறு வந்து கலக்கிற ஊரில் நெய்தவை, புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக இருக்கும் பழைய ஜமக்காளத்தில் சாயத்தைக் கட்டாயம் சோதியுங்கள். ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் வைத்து ஒரு நிமிஷம் அழுத்தினால் தெரிந்துவிடும். சாயம் நிற்கிறது என்றால் பிசுக்கில் ஒரு சொட்டுத் தைலம், பிறகு பார் சோப்புப் போட்டு முழுசாகவே துவைத்துவிடலாம். நாங்கள் ஆடி மாதத்துக்குச் சேர்த்து வைப்போம். கல்யாணம் கிடையாது, மேட்டூர் திறந்து ஆற்றிலும் தண்ணீர் வந்திருக்கும். சோப்பையும் தைலத்தையும் வீட்டிலேயே அலசி முடித்து, கடைசி அலசலுக்குத்தான் படித்துறை.

கோரைப் பாயில் ஒட்டினால் ஐஸ் மட்டும், அதுவும் ஐந்து நிமிஷம். நெம்பும்போது கோரையின் நீளவாக்கில் போங்கள், குறுக்கே போனால் நார் பிளக்கும். எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாய் குடித்துவிடும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பபுள்கம் சட்னி மாதிரி இருக்கும். முதலில் வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, ஏசியைப் போட்டு, மிதியடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள். ஐஸ் கட்டியெல்லாம் தேவையே இல்லை. அம்மா திட்டினால் கவரில் சுற்றி வையுங்கள்.

பட்டுப் புடவை, பட்டு வேட்டி என்றால் கல்யாண வீட்டில் பதற்றம் தனி. திருபுவனம் பட்டில் மணமகளின் தங்கை உட்கார்ந்து எழுந்ததும் பின்னால் ஒட்டியிருந்த கதையெல்லாம் நடந்திருக்கிறது. தண்ணீர், எண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். மடித்து, பபுள்கம் வெளியே தெரிகிற மாதிரி கவரில் போட்டு ஃபிரீசர். இறுகியதும் துணியைப் பின்பக்கம் லேசாக வளைத்தால் தானே தெறிக்கும். சரிகை மேல் ஒட்டியிருந்தால் அதற்கும் கை வைக்காமல் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது அது பபுள்கம் என்று சொல்லிக் கொடுங்கள்.

குழந்தை முடியில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய், சீப்பு, பொறுமை. கத்தரிக்கோல் வேண்டாம்.

கறுத்துக் கல்லாகிவிட்டது என்றால்

கல்யாண மண்டபங்களில் நிரந்தரமாகப் போட்ட கார்ப்பெட்டில் காசு காசாகக் கறுப்புப் புள்ளிகள் பார்த்திருப்பீர்கள். பல பேர் அதை எண்ணெய்க் கறை என்று நினைக்கிறார்கள். வருஷக்கணக்கான பபுள்கம். மேலே தூசி ஏறி, கீழே இழையோடு இறுகிப் போயிருக்கும். முதலில் தைலத்தை ஒற்றிக் கால் மணி நேரம் ஊற விட்டு, அந்தக் கறுப்பு மேலோட்டை இளக்கி வழித்துவிட்டு, நன்றாகத் துடைத்த பிறகு ஐஸ். இந்த ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய் முந்திக்கொள்கிறது. ஒரு புள்ளிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு ஹாலுக்கு நூறு புள்ளி இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பேசாமல் நீராவி எந்திரம் வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிடுவது லாபம்.

எங்கள் ஊர்களில் சிங்கப்பூர் போய் வராத தெரு குறைவு. அங்கே 1992-லிருந்து சூயிங்கம் விற்பனைக்கே தடை, 2004-க்குப் பிறகு பல், மருந்து சம்பந்தப்பட்ட வகைகளுக்கு மட்டும் விலக்கு. விடுமுறையில் வருகிற பிள்ளைகள் இங்கே இறங்கியதும் முதலில் பெட்டிக்கடையில் கேட்பது பபுள்கம்தான். அந்தப் பக்கத்துக் கல்யாணம் என்றால் ஐஸ் பெட்டி ஒன்றைக் கூடவே ஏற்றிவிடச் சொல்கிறேன்.

எதற்கும் வரவில்லை என்றால்

வெட்டிய ரோமக் கார்ப்பெட்டில் பபுள்கம் நுனியில் மட்டும் பிடித்திருந்தால் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு மில்லிமீட்டர் மட்டும் மட்டப்படுத்தலாம். பக்கத்து ரோமத்தையும் சரிவாக வெட்டி இணைத்துவிட்டால் நின்று பார்த்தால் தெரியாது. வளைய ரோமத்தில் இதை முயலாதீர்கள்.

அடி வரைக்கும் போய்விட்டால் ஒட்டுப் போடுவதுதான். கார்ப்பெட் வாங்கும்போதே ஒரு முழத் துண்டை மீதம் வாங்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கெட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே அளவில், ரோமம் சாய்கிற திசை பார்த்துப் புதுத் துண்டை வெட்டி, அடியில் இருபக்க டேப் வைத்து அழுத்திவிடுங்கள். திசை மாறினால் நிறமே வேறு மாதிரி தெரியும்.

வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒட்டிவிட்டால் மறைத்துச் சுருட்டித் தராதீர்கள். சுருட்டினால் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டி இரண்டு இடம் ஆகும். கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே தெரிந்தால் நாங்கள் காசு பிடிப்பதில்லை, ஐஸ் விலைதான்.

அந்த மண்ணெண்ணெய்க் கார்ப்பெட் இன்னும் கடையில் இருக்கிறது. உப்பிய இடத்தை வெட்டிவிட்டு இரண்டு துண்டாக்கி, ஒன்றைப் பாத்திரங்களுக்கு அடியில் லாரியில் விரிக்கிறோம். இன்னொன்றில் புதிதாக வரும் பையன்களுக்கு ஐஸ் வைக்கப் பழக்குகிறேன். பபுள்கம் வாங்கி மென்று ஒட்டுவதும் அவர்கள் வேலைதான்.